போன மூக்கு திரும்பி வந்தது!
மாடு ஓட்டிப் பிழைத்த காவஸ்ஜியின் கதை

ஒரு பெண் அழகாக இருந்தால், மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்கிறோம். நாலு பேர் முன்னால் அவமானப்பட்டு வந்தவர், மூக்கறுபட்டு வந்தேன் என்கிறார். அழகும் மூக்கில் இருக்கிறது. மானமும் மூக்கில் இருக்கிறது.

பேச்சுக்கு மூக்கறுபட்டாலே மனிதன் கூனிக் குறுகிப் போகிறான். உண்மையாகவே கத்தியால் மூக்கை அறுத்துவிட்டால் எப்படி இருக்கும்?

200 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஏழைக்கு அந்தக் கதி நேர்ந்தது. அவர் மாடு ஓட்டிப் பிழைத்தவர். மூக்கில்லாத முகத்தோடு ஓராண்டுக்கு மேல் நடமாடினார். பிறகு அவருக்குப் புது மூக்கு வைத்தார்கள். அது முகத்தோடு ஒட்டி நிலைத்தது. அந்தச் செய்தி கடல் கடந்து லண்டன் மாநகருக்குப் போயிற்று. டாக்டர்கள் ஆச்சரியப்பட்டார்கள். இன்றும் முக அறுவைச் சிகிச்சை படிக்கும் மாணவர்கள் அவர் பெயரைப் படிக்கிறார்கள்.

அவர் பெயர் காவஸ்ஜி.

அவருடைய மூக்கைப் பறித்தது ஒரு போர். நம்முடைய தருமபுரிச் சீமையின் தலையெழுத்தை மாற்றியதும் அதே போர்தான்.

பாராமகால்

சங்க காலத்தில் அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. 1965-ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆயிற்று. 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. 18-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதிக்குப் பாராமகால் என்று பெயர்.

மலைக்கு மேலே மைசூர் ராஜ்யம். மலைக்குக் கீழே வெள்ளைக்காரக் கம்பெனியின் செல்வாக்கில் இருந்த கர்நாடகச் சீமை. நடுவில் பாராமகால். மேலே போகும் பட்டாளமும் கீழே வரும் பட்டாளமும் இந்த வழியாகத்தான் போகவேண்டும். வயலில் கதிர் முற்றுவதற்குள் குதிரைகள் வந்து நிற்கும்.

1790-ல் திப்பு சுல்தானுக்கும் கம்பெனிக்கும் போர் மூண்டது. இது மூன்றாவது மைசூர்ப் போர். மராட்டியரும், ஐதராபாத் நிஜாமும் கம்பெனியோடு சேர்ந்துகொண்டார்கள். 1791 அக்டோபர் கடைசியில் பென்னாகரம் கோட்டை கம்பெனிப் படையிடம் விழுந்தது. நவம்பரில் ஓர் இரவு, அதே படை கிருஷ்ணகிரியைத் தாக்கிற்று. பேட்டையைப் பிடித்தார்கள். மலை மேல் ஏற முடியவில்லை. மேலிருந்து பாறைகள் உருண்டு வந்தன. படை திரும்பிவிட்டது.

மாடு படுத்தது, பட்டாளமும் படுத்தது

அந்தக் காலத்தில் லாரி ஏது? ரயில் ஏது? பீரங்கியை இழுப்பது மாடு. குண்டும் மருந்தும் சுமப்பது மாடு. சிப்பாய்க்கு அரிசி கொண்டுவருவதும் மாடு. மாடு படுத்தால் பட்டாளம் படுத்துவிடும்.

1791 மே மாதம் அப்படித்தான் நடந்தது. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பெரும் படையோடு திப்புவின் தலைநகரான சீரங்கப்பட்டணம் வரை போனார். தீனி இல்லாமலும் நோயிலும் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பெரிய பீரங்கிகளை இழுக்க மாடு இல்லை. அவற்றைத் தம் கையாலேயே பாழாக்கிவிட்டு, காரன்வாலிஸ் பின்வாங்கினார்.

ஆகவே மாடு ஓட்டுகிறவனைச் சாதாரண ஆள் என்று யாரும் நினைக்கவில்லை. எதிரி முதலில் தேடியது அவனைத்தான்.

காவஸ்ஜி அந்த வேலையில் இருந்தார். அவர் மராட்டியர். உழவர் குலத்தில் பிறந்தவர். கையில் வாள் இல்லை, தார்க்குச்சிதான் இருந்தது. யாருடைய ராஜ்யத்தையும் பிடிக்க அவர் வரவில்லை. கூலிக்கு வந்தார்.

1792-ஆம் ஆண்டுப் போரில் அவர் திப்புவின் படையிடம் சிக்கினார். அவருடைய மூக்கை அறுத்தார்கள். ஒரு கையையும் வெட்டினார்கள். இது திப்புவின் தண்டனை என்று அக்காலத்து ஆங்கிலப் பத்திரிகை எழுதிற்று.

மூக்கறு போர்

மூக்கை அறுக்கும் கொடுமை அன்று புதிதல்ல. மதுரையைத் திருமலை நாயக்கர் ஆண்ட கடைசிக் காலத்தில், 1656-ஆம் ஆண்டு வாக்கில், மைசூர்ப் படை தமிழ்நாட்டுக்குள் புகுந்தது. அகப்பட்டவர்களின் மூக்கையெல்லாம் அறுத்தது. ஆண், பெண், குழந்தை என்று பார்க்கவில்லை. இராமநாதபுரம் ரகுநாத சேதுபதி படை திரட்டி வந்து மைசூர்ப் படையை விரட்டினார். பதிலுக்கு மதுரைப் படையும் மைசூர்க்காரர்களின் மூக்கை அறுத்தது. சரித்திரத்தில் இதற்கு மூக்கறு போர் என்றே பெயர்.

ஏன் மூக்கு? உயிரை எடுத்தால் ஒரு நாளோடு போயிற்று. மூக்கை எடுத்தால் அவமானம் ஆயுள் முழுவதும் கூடவே வரும். அவனைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அச்சம் வரும். அதுதான் நோக்கம்.

அவமானம் மட்டும் அல்ல. நாம் இழுக்கும் காற்றைச் சூடாக்குவதும், ஈரமாக்குவதும், தூசி வடிகட்டுவதும் மூக்குதான். அது போய்விட்டால் உள்ளே வறண்டு பொருக்குத் தட்டும். பேச்சின் ஓசை மாறும்.

காவஸ்ஜி சீரங்கப்பட்டணத்துக்கு அருகே பம்பாய்ப் படையிடம் வந்து சேர்ந்தார். 1792 மார்ச்சில் சமாதானம் ஆயிற்று. திப்பு தம் ராஜ்யத்தில் பாதியைக் கொடுக்க வேண்டி வந்தது. பாராமகால் கம்பெனியின் கைக்கு மாறியது. அதை நிர்வாகம் செய்யக் காப்டன் ரீட் என்பவரை நியமித்தார்கள். அவருக்கு உதவியாக வந்த இளைஞர் தாமஸ் மன்றோ. தருமபுரியில் வீடும் தோட்டமும் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி நிலத்தை அளந்தவர். பிறகு சென்னைக் கவர்னர் ஆனார். சென்னை தீவுத்திடல் அருகே குதிரை மேல் வீற்றிருக்கும் சிலை அவருடையதுதான்.

போரில் ஒருவருக்குச் சீமை கிடைத்தது. ஒருவருக்குப் பதவி கிடைத்தது. காவஸ்ஜிக்குக் கம்பெனியின் பென்ஷன் கிடைத்தது. பென்ஷன் வயிற்றை நிரப்பும். முகத்தை நிரப்புமா?

செங்கல் செய்கிறவரின் கைவண்ணம்

ஓராண்டுக்கு மேல் கழிந்தது. 1793-ஆம் ஆண்டு. பூனாவில் (இன்றைய புனே) ஒரு வைத்தியர் இருந்தார். கல்லூரியில் படித்தவர் அல்ல. செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்தவர். மூக்கு வைக்கும் வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது. பத்திரிகையில் இந்த அதிசயத்தை எழுதியவர்கள் அவருடைய பெயரை எழுதவில்லை. காவஸ்ஜி அவரிடம் முகத்தை ஒப்படைத்தார்.

தாமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபின்ட்லே என்ற இரண்டு ஆங்கில டாக்டர்கள் இந்தச் சிகிச்சையை நேரில் பார்த்தார்கள்.

வைத்தியர் முதலில் மெழுகைத் தட்டி மெல்லிய தகடாக்கினார். அதை அறுந்த இடத்தில் வைத்து, நல்ல மூக்கின் வடிவத்துக்கு வளைத்தார். பிறகு அந்த மெழுகைத் தட்டையாக்கி, நெற்றியில் வைத்தார். அதைச் சுற்றிக் கோடு போட்டார். தையற்காரர் காகிதம் வெட்டித் துணியில் வைத்து அளவு எடுப்பதில்லையா? அதே மாதிரி!

கோட்டின் வழியே நெற்றித் தோலைக் கத்தியால் உரித்தார். முழுவதும் அறுத்து எடுக்கவில்லை. இரண்டு கண்களுக்கும் நடுவே ஒரு துண்டுத் தோலைப் பாலம் போல் விட்டுவைத்தார். வித்தையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பாலத்தின் வழியே இரத்தம் ஓடும். இரத்தம் ஓடுகிற வரை தோல் சாகாது.

மூக்கு அறுந்த இடத்தில் பழைய தழும்பைச் சீவினார். சுற்றிலும் கீறினார. நெற்றித் தோலைத் திருப்பிக் கீழே கொண்டுவந்து, அந்தக் கீறலுக்குள் செருகினார்.

அப்போது மயக்க மருந்து கிடையாது. உலகம் அதை அறிந்தது 1846-ல்தான். புண்ணில் கிருமி புகாமல் தடுக்கும் மருந்துமுறையும் வரவில்லை. காவஸ்ஜி விழித்திருந்தபடியே அத்தனையும் தாங்கினார்.

கத்தி ஒரு நாள். பொறுமை பல நாள்

மூக்கு வைத்தாயிற்று. வேலை முடிந்துவிட்டதா? இல்லை. இனிமேல்தான் ஆரம்பம்.

வெற்றிலையோடு போடுகிறோமே, காசுக்கட்டி, அதைத் தண்ணீரில் குழைத்தார். சிறிய துணிகளில் தடவினார். ஐந்தாறு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். 4 நாள் அதைத் தொடவே இல்லை. காசுக்கட்டியின் துவர்ப்பு புண்ணை இறுக்கிப் பிடிக்கும்; காய்ந்தால் துணி அசையாது. நாலு நாளுக்குப் பிறகு துணிகளை எடுத்துவிட்டு, நெய்யில் நனைத்த துணியைப் போட்டார்.

ஐந்தாறு நாள் நோயாளி மல்லாந்துதான் படுத்திருக்க வேண்டும். ஒருக்களிக்கக் கூடாது. 10-ஆம் நாள், நாசித் துவாரங்கள் தூர்ந்து போகாமல் இருக்க, மெல்லிய துணியைத் திரட்டி உள்ளே வைத்தார். சுமார் 25-ஆம் நாள் புதுத் தோல் முகத்தோடு ஒன்றிப் போயிற்று. இனி அது தன் இரத்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். அன்றுதான் கண்களுக்கு நடுவே இருந்த பாலத்தை அறுத்து, மூக்கை ஒழுங்கு செய்தார்.

எண்ணிப் பாருங்கள். கத்தி வேலை ஒரே நாள். காவல் வேலை 25 நாள். 4-ஆம் நாள் அவசரப்பட்டுத் துணியைப் பிய்த்திருந்தால்? 5-ஆம் நாள் குப்புறப் படுத்திருந்தால்? 15-ஆம் நாளே பாலத்தை அறுத்திருந்தால்? வைத்தியரின் கைவண்ணம் அத்தனையும் வீணாகி இருக்கும். மூக்கைச் செய்தவர் வைத்தியர். அதைக் காப்பாற்றியவர் காவஸ்ஜி.

சுசுருதர் சொன்னது

இந்த வித்தை எங்கிருந்து வந்தது? நம் நாட்டின் பழைய வைத்திய நூலான சுசுருத சம்ஹிதையில் மூக்கு வைக்கும் முறை இருக்கிறது. அது 2,000 ஆண்டுப் பழமையான வழி. மூக்கின் அளவுக்கு ஒரு இலையை வெட்டிக்கொள்ளச் சொல்கிறார் சுசுருதர். அந்த அளவில் கன்னத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும். மூச்சு விடுவதற்கு இரண்டு குழாய்களை மூக்கில் வைக்க வேண்டும். அதிமதுரம் முதலிய மருந்துகளின் பொடியைத் தூவ வேண்டும். மேலே பஞ்சை வைத்து, அடிக்கடி நல்லெண்ணெய் தெளிக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் செய்ய வேண்டியதை அவரும் விட்டுவிடவில்லை!

கன்னத்துத் தோலுக்குப் பதில் நெற்றித் தோல் என்பது பின்னால் வந்த மாறுதல். நூலில் இருந்த வித்தை, படிக்காத கைவினைஞர்களின் கையில், தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்று காவஸ்ஜி காலம் வரை வந்து சேர்ந்தது.

லண்டனுக்குப் போன முகம்

1794 ஜனவரியில், ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் காவஸ்ஜியை நேரில் பார்த்துப் படம் எழுதினார். சிகிச்சை நடந்து அப்போது 10 மாதம் ஆகியிருந்தது. படத்தில் காவஸ்ஜி தலைப்பாகையோடு இருக்கிறார். நெற்றியில் தழும்பு தெரிகிறது. கீழே முழு மூக்கு!

அதே ஆண்டு அக்டோபரில், லண்டனில் வெளிவந்த ஜென்டில்மேன்ஸ் மேகசின் என்ற பத்திரிகை அந்தப் படத்தோடு கதையை வெளியிட்டது. இந்த மூக்கு உறுதியாக இருக்கிறது, இயற்கை மூக்குக்கு ஏறக்குறைய ஒத்திருக்கிறது, நெற்றித் தழும்பும் நாளடைவில் மங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தது.

லண்டன் டாக்டர் ஜோசப் கார்ப்யூ என்பவரை அது விடவில்லை. இந்தியாவில் இருந்து திரும்பியவர்களைத் தேடித் தேடி விசாரித்தார். பிரேதங்களில் வெட்டிப் பழகினார். 20 ஆண்டுகள் காத்திருந்தார். 1814 அக்டோபர் 23-ஆம் நாள், மூக்கை இழந்த ஒரு ராணுவ அதிகாரிக்கு நெற்றித் தோலால் மூக்கு வைத்தார். வெற்றி! போரில் முகம் வெட்டுண்ட இன்னொரு அதிகாரிக்கும் வைத்தார். 1816-ல் இரண்டையும் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். 1818-ல் ஜெர்மனி டாக்டர் கிரேஃபே எழுதினார். ஐரோப்பா எங்கும் பரவிற்று. இந்திய முறை என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. இன்றும் புற்றுநோயாலோ விபத்தாலோ மூக்கை இழந்தவர்களுக்கு நெற்றித் தோலை எடுத்து வைக்கிறார்கள்.

நம் பக்கத்திலேயும் இந்த வித்தையின் பயன் தெரிந்தது. பாராமகாலுக்கு வடகிழக்கே இருக்கும் வேலூருக்கு 1946-ல் டாக்டர் பால் பிராண்ட் வந்தார். தொழுநோய் குணமான பிறகும், மடங்கிய கையும் அமுங்கிய மூக்கும் இருந்தால் ஊரார் சேர்த்துக்கொள்வதில்லை என்பதைக் கண்டார். கையைச் சரிசெய்ததோடு நிற்காமல், மூக்கையும் நிமிர்த்தும் சிகிச்சை அங்கே நடந்தது. நோயை மருந்து தீர்த்தது. அவமானத்தை மூக்கு தீர்த்தது.

அழகுக்கு மூக்கு

போன மூக்கை மீட்கும் வித்தை, இருக்கிற மூக்கை அழகாக்கும் வித்தையாக வளர்ந்தது. 1887-ல் அமெரிக்க டாக்டர் ஜான் ரோ, வெளியே தழும்பு தெரியாமல் மூக்கின் உட்புறமாகவே சிகிச்சை செய்தார். 1898-ல் பெர்லின் டாக்டர் ஜாக் ஜோசப் பெரிய மூக்கைச் சிறிதாக்கினார். இன்று மயக்க மருந்து இருக்கிறது. கிருமியைக் கொல்லும் மருந்து இருக்கிறது. ஆனால் காவஸ்ஜி அனுபவித்த விதி மாறவில்லை: கத்தி ஒரு நாள், பொறுமை பல நாள்.

உங்கள் வீட்டில் யாராவது மூக்குக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால், கவனிக்க வேண்டியவை இவை:

மூக்கின் மேல் வைத்த கட்டை டாக்டர்தான் எடுக்க வேண்டும். அநேகமாக ஒரு வாரம் ஆகும். அதுவரை நனையக் கூடாது, தொடக் கூடாது.

தூங்கும்போது தலையணையை உயர்த்தி, மல்லாந்து படுக்க வேண்டும். அப்போது வீக்கம் சீக்கிரம் வடியும்.

மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

கண்ணைச் சுற்றிக் கறுப்பதும் வீங்குவதும் சகஜம். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மறையும்.

பாரம் தூக்குவதும் ஓடியாடுவதும் சில வாரங்களுக்குக் கூடாது. மூக்குக் கண்ணாடியை எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பீடி, சிகரெட் அறவே ஆகாது. புகை தோலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். பாலத்தை விட்டுவைத்தாரே பூனா வைத்தியர், எதற்காக? அதே இரத்தத்துக்காகத்தான்!

டாக்டர் சொல்லாத மாத்திரையும் நாட்டு மருந்தும் வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரை இரத்தக் கசிவை அதிகமாக்கும். நிற்காமல் இரத்தம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வலி நாளுக்கு நாள் ஏறினாலோ, துர்நாற்றம் வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. கட்டை அவிழ்த்த அன்று தெரிவது கடைசி மூக்கு அல்ல. வீக்கம் முழுவதும் வடிய, முக்கியமாக நுனி மூக்கு வடிவத்துக்கு வர, ஓராண்டுகூட ஆகலாம். முதல் வாரத்தில் கண்ணாடியைப் பார்த்து அழுகிறவர்கள் உண்டு. அப்போது வீட்டில் இருக்கும் அத்தையும் சித்தியும் வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது. முன்னே இருந்ததே தேவலை என்று ஒரு வார்த்தை போதும், புண்ணைவிட ஆழமாகப் போய்விடும். நோயாளிக்குப் பொறுமை 25 நாள் வேண்டும் என்றால், சுற்றத்தாருக்கு ஓராண்டு வேண்டும்.

காவஸ்ஜி கோட்டை கட்டவில்லை. புத்தகம் எழுதவில்லை. மூன்றாவது மைசூர்ப் போரில் பீரங்கியை இழுத்த மாடுகளை ஓட்டினார். அந்தப் போரில் சீமைகளைப் பிடித்தவர்களின் கம்பெனி இன்று இல்லை. அவர்கள் பிடித்த பாராமகால் என்ற பெயரும் இன்று வழக்கில் இல்லை. மாட்டுக்காரரின் முகம் மட்டும் டாக்டர்களின் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. அவமானப்படுத்துவதற்காக ஒரு மூக்கை அறுத்தார்கள். பெயர் எழுதப்படாத ஒரு கைவினைஞரின் திறமையாலும், மல்லாந்து படுத்துப் பொறுத்திருந்த ஓர் ஏழையின் மன உறுதியாலும், அந்த ஒரு மூக்கு உலகத்தில் எத்தனையோ பேருக்கு முகம் கொடுத்துவிட்டது.